ஆளில்லாத லயத்திலிருந்து வந்த பதில்

பிறர் பூட்டி வைத்திருக்கும் வீட்டிற்குள் ஒரு கருவி மட்டும் போய்வர வழி அமைத்துக் கொடுத்துவிட்டு, அது உள்ளே எதைக் கண்டது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பதுதான் எங்கள் தொழில்.

மென்பொருள் எழுதுவோர் தமது நிரலையும் அதன் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு களஞ்சியத்தில் சேர்த்து வைப்பர். பெரும்பாலோர் அக்களஞ்சியத்தை எங்கோ தொலைதூரத்திலுள்ள நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவர். சிலரோ தமது அறையிலேயே ஒரு கணினியை வைத்து, அதற்குள் களஞ்சியத்தை அமைத்து, ஊரறியாத முகவரி ஒன்றைக் கொடுத்துக் காத்துக்கொள்வர். அத்தகைய தனிக் களஞ்சியங்களுடன், நிரலைப் பரிசோதித்து உரிய இடத்தில் கொண்டு சேர்க்கும் கருவிகளை இணைத்துத் தருபவன் நான். தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளனாக இருந்த காலத்தில், கையேடுகளை ஒரு பக்கமும் அகராதியை மறுபக்கமும் விரித்து வைத்து, எவரிடமும் கைகட்டி நில்லாமல் கற்ற வித்தை இது. பதுளைப் பகுதியில் எனக்கு முன்னர் இதைச் செய்தவர் எவருமில்லை என்று கூறிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. இதே நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்திருக்கும் சகோதர சகோதரிகளே, நீங்கள் பட்டிருக்கக்கூடிய பாடுகள் சிலவும், ஒருவேளை நீங்கள் படாதிருக்கக்கூடிய பாடு ஒன்றும் கீழே உள்ளன.

நாற்காலி போட்ட ஹாஜியார்

பண்டாரவளையில் வாசனைத் திரவிய வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவருக்கு முதன்முதலாக ஓர் இணைப்பைச் செய்து கொடுத்தேன். கடையின் பின்னறையில், ஏலக்காய் மூட்டைகளுக்கும் கறுவாப்பட்டைக் கட்டுகளுக்கும் நடுவில், கடைக் கணக்கு நிரலின் களஞ்சியம் அடங்கிய அவரது கணினி இருந்தது. வேலை முடிந்து கருவி உள்ளே நுழைந்ததும், திரையில் வரிகள் தாமாகவே ஓடத் தொடங்கின. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஹாஜியார், "வாசிக்கிறவன் எங்க இரிக்கான்?" என்று வினவினார். ஆள் எவருமில்லை, அது ஒரு கருவி மட்டுமே என்று நான் இயன்றவரை விளக்கினேன்.

பின்னொரு நாள் சென்றபோது கணினியின் எதிரே ஒரு வெற்று நாற்காலி போடப்பட்டிருந்தது. கடைச் சிப்பந்திகள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்களேயன்றி, ஒருவரும் அதில் அமரவில்லை. காரணம் கேட்ட எனக்கு ஹாஜியார் தாழ்ந்த குரலில் சொன்ன விடை இது: "கண்ணுக்குத் தெரியிற கள்ளனுக்குப் பூட்டு இரிக்கி மாஸ்டர். தெரியாதவன் வந்தா, நாற்காலியப் போட்டு மரியாதையா உக்கார வெச்சிர்றதுதான் நல்லம்."

பிள்ளை மடுவத்து அலுமாரி

பதுளைக் கடைவீதியில், தன் வாப்பாவின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில், நஸீரா என்னும் பெண் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம் நடத்துகிறார். அவரிடம் பணிபுரிந்த சதீஷ் என்ற இளைஞர் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். தமது லயத்தாருக்காக, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வாழ்வோருக்காக, அவர் ஒரு நிரல் எழுதியிருந்தார். மழைமானியில் விழும் மழை ஓர் அளவைத் தாண்டினால் கூரைமேலுள்ள அபாயச் சங்கு ஊதும். வீட்டுக்கு வீடு கைப்பேசியில் செய்தி போகும். மலை சரிவதற்கு முன்னர் மக்கள் வெளியேறிவிடலாம். பின்னர் சதீஷ் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அண்மையில் லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் புதிய வெடிப்பு ஒன்று தோன்றியது. ஆகவே, குறைந்த மழைக்கே சங்கு ஊதும்படி அளவைத் தாழ்த்தும் திருத்தத்தைச் சதீஷ் அங்கிருந்தே எழுதி அனுப்பினார். அதைப் பரிசோதித்துத் தோட்டத்துக் கணினியில் கொண்டு சேர்க்க வேண்டியது நஸீராவின் அலுவலகக் கருவி. அந்தக் கருவிக்கு வழி அமைக்க வேண்டியவன் நான். பெருமழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அனுமதி பெறுவதற்காகப் பசறை வழியாக மடுல்சீமைக்குச் சென்றேன். பாதையின் கடைசிப் பகுதியை நடந்தே கடக்க வேண்டியிருந்தது. தோட்டத்தார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில், தொட்டில் சேலைகள் அடுக்கிய அலுமாரியின் கீழ்த்தட்டில் அந்தக் கணினி இருந்தது. அதற்குக் காவல், குழந்தைகளைப் பராமரிக்கும் புஷ்பம் அம்மா. அவர் சதீஷின் தாயார்; லயத்துப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே தலைவி. மேலே மலைமுகட்டில் இருந்த பழைய லயத்தில் தரை பிளந்ததால் சென்ற ஆண்டு எல்லோரையும் இங்கே இறக்கிவிட்டார்களாம். 'தற்காலிகம்' என்று சொல்லி அமைத்த தகரக் கூரை லயம், அதே சரிவின் அடிவாரத்திலேயே நின்றது. கணினியை ஏன் வெளியார் எவரிடமும் கொடுக்கவில்லை என்று கேட்டேன். இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் பால் போத்தலுமாக நின்றவர், அலுமாரியைக் காலால் மெல்லச் சாத்தியபடி சொன்னார்: "எந்த வீட்டுல எந்திரிச்சி நடக்க முடியாதவுக இருக்காக, எந்த வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கான்னு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. எங்க உசுருங்க ஐயா அது. ஊருக்கெல்லாம் காட்டுற சாமானா?"

பச்சை

குழுவின் சம்மதத்துடன் பதுளைக்குத் திரும்பினேன். இக்கருவி உள்ளே நுழைவதற்கென ஓர் இரகசியக் குறியீட்டை, எங்கள் வழக்கில் சாவியை, சதீஷ் முன்னரே செய்து வைத்திருந்தார். மலைமுகட்டிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தின் வழியாகச் செல்லும் கம்பியற்ற பாதையைச் சரிசெய்து, கணினியின் முகவரியையும் சாவியையும் கருவியிடம் கொடுத்தேன். முதல் முறை தொடர்பு கொள்ளும்போது எதிர்முனைக் கணினி தனது அடையாளத்தைக் காட்டும்; அதை நாங்கள் கைரேகை என்போம். சதீஷ் எழுதித் தந்த கைரேகையும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. சோதனைகள் நிறைவேறின, திருத்தம் போய்ச் சேர்ந்தது, திரையில் பச்சை விளக்கு எரிந்தது. நஸீரா கைகொட்டி மகிழ்ந்து, கீழே கடையிலிருந்து வடை வரவழைத்தார்.

நிற்க. நானும் திருப்தியுடன் புஷ்பம் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அலுமாரியிலுள்ள திரையில் புதிய அளவு தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பழைய அளவே இருக்கிறது என்றார். கணினியை ஒருமுறை நிறுத்தி இயக்கச் சொன்னேன். அப்போதும் பழையதே. இங்கே, 'பெற்றுக்கொண்டேன்' என்று அக்கணினியே அனுப்பிய பதில் என் கண்முன் இருந்தது. வாசகர்களே, அனுப்பியது சேரவில்லை என்று எதிர்முனை சொன்னால் கலங்காதீர்கள், அது அன்றாடச் சங்கதி. சேர்ந்துவிட்டது என்று ஒன்றும், சேரவில்லை என்று மற்றொன்றும் ஒரே வாயிலிருந்து வந்தால் என்ன செய்வது? நஸீரா பாதிக் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்கிள், இது பொய் சொல்ற மெஷின் இல்ல. அப்போ 'கெடச்சிரிச்சி'ன்னு சொன்னது யாரு?"

வெயிலில் பெய்த மழை

அன்று பிற்பகல், பழுது எதுவாயினும் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையுடன், மழைமானியின் அளவீடுகளைக் கருவியின் வழியே வரவழைத்தேன். நல்ல தூறல் பெய்துகொண்டிருப்பதாக எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. "மழையா அம்மா?" என்று புஷ்பம் அம்மாவிடம் கேட்டேன். சுள்ளென்று வெயில் அடிக்கிறது என்றும், தொட்டில் சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார் என்றும் விடை வந்தது.

யாரேனும் மழைமானியில் தண்ணீர் ஊற்றியிருக்கலாம் என்று சந்தேகித்து, அதைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். அவர் கவிழ்த்தார். எண்கள் முன்போலவே ஏறின. சிறிது நேரத்தில் அங்கே மழை விட்டுவிட்டது போலும், ஏற்றம் நின்றது. எங்கே விட்டது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. புஷ்பம் அம்மா மறுமுனையில் முற்றத்துக்கு நடந்தார். காற்றில் சேலைகள் படபடக்கும் ஓசை கேட்டது. பிறகு சொன்னார்: "ஐயா, மானம் பளிச்சுன்னு இருக்கு. உங்க மழை எந்த ஊருலங்க பெய்யுது?"

பிடுங்கிய பின்னர்

இந்தத் தொழிலில் ஐயம் ஏற்பட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: கம்பியைப் பிடுங்கிவிடுவது. மறுநாள் காலை, மின்கம்பியையும் சங்குக்குச் செல்லும் கம்பியையும் முற்றாகக் கழற்றிவிடுமாறு புஷ்பம் அம்மாவிடம் கூறினேன். கழற்றியாகிவிட்டது, பெட்டி குளிர்ந்துவிட்டது என்றார். இங்கே பச்சை விளக்கு அணையவில்லை. பெயரைக் கேட்டேன், சரியான பெயரைச் சொன்னது. கைரேகை கேட்டேன், சரியான கைரேகையைக் காட்டியது. அலுமாரிக்குள் உயிரற்றுக் கிடந்த ஒன்று என்னுடன் ஒழுங்காக உரையாடிக்கொண்டிருந்தது. நஸீரா நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

சங்கைச் சோதிக்கும் கட்டளையை அனுப்பினேன். தொலைபேசியின் மறுமுனையில் குழந்தைகளின் கூச்சல் திடீரென அடங்கியது. நாயொன்று ஊளையிட்டது. அதற்கும் அப்பால், மிகத் தொலைவில், பனிமூட்டத்துக்குள் எதையோ போர்த்தி வைத்தாற்போல் மழுங்கிய ஒலியொன்று எழுந்து நீண்டு ஓய்ந்தது. புஷ்பம் அம்மா மூச்சு விடுவது கேட்டது. பிறகு, குழந்தைகளுக்குக் கேட்காத குரலில், "ஐயா, சங்கு ஊதுது. நம்ம சங்கு இல்ல. மேல, ஆளே இல்லாத எடத்துல ஊதுது" என்றார்.

பழைய லயம்

கழற்றிய கம்பிகளை மீண்டும் பூட்டச் சொல்லிவிட்டு, அடுத்த பேருந்திலேயே புறப்பட்டேன். புஷ்பம் அம்மாவும், முன்னாள் தோட்டக் காவல்காரர் முத்தையாவும் என்னுடன் மேலே ஏறினர். முத்தையா அங்குள்ள முனியாண்டி கோயிலுக்கு நாள்தோறும் போய்வருபவர். கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து பாதையை மூடியிருந்தன. பழைய லயம் பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு கதவாக வெளிப்பட்டது. கதவுகள் யாவும் திறந்து கிடந்தன. உள்ளே, ஈரத்தில் வளரும் பன்னச்செடி முளைத்திருந்தது. நடுத்தரையில் ஒரு பிளவு, ஒரு வீட்டின் அடுப்படியில் தொடங்கி அடுத்த வீட்டின் வாசலில் முடிந்தது. புஷ்பம் அம்மா ஓர் அறையைக் கடக்கும்போது மட்டும் வாசற்படியை மிதிக்காமல் தாண்டினார். அது அவர் குடியிருந்த அறை என்று பிறகு அறிந்தேன்.

லயத்தின் கோடியில், கோயிலுக்குள் ஒரு மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓடிய ஓடையில் சிறிய நீர்ச்சக்கரமொன்று சுழன்று அதற்கு மின்சாரம் தந்தது. அதே கம்பியிலிருந்து கிளை பிரிந்து, பழைய வாசிகசாலை அறைக்குள் சென்றது. அங்கே, தூசியும் சிலந்திவலையும் மூடிய மேசைமேல், ஒரு கணினி வெதுவெதுப்பாக இயங்கிக்கொண்டிருந்தது. கூரையில் ஒரு சங்கு. வெளியே ஒரு மழைமானி, அதன் விளிம்பில் நேற்றைய ஈரம். புதிய அளவு அதன் திரையில் தெளிவாகத் தெரிந்தது. அதாவது, அடிவாரத்திலுள்ள மக்களுக்காக நான் அனுப்பிய திருத்தத்தை ஆளற்ற லயம் பெற்றுக்கொண்டிருந்தது. மக்கள் இருக்கும் லயத்துக்கு ஒன்றும் போகவில்லை.

கட்டாரிலிருந்த சதீஷைத் தொலைபேசியில் பிடித்தோம். குடிபெயர்ந்தபோது, பழைய கணினியில் இருந்தவற்றை முகவரி, சாவி, கைரேகை உட்பட அப்படியே நகல் எடுத்துப் புதிய கணினியில் வைத்ததாகவும், பழையதை அணைத்துவிடும்படி முத்தையா மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனதாகவும் கூறினார். இரண்டும் ஒரே முகவரியில் இருக்க, கோபுரத்துக்கு அருகிலுள்ள பழையதே ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. நான் முத்தையாவைப் பார்த்தேன். அவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: "இந்தச் சாமிகிட்டயிருந்து பிடிமண் எடுத்துத்தான் கீழ புதுக் கோயிலு வச்சோம். மண்ணு எடுத்துட்டா இந்தச் சாமி செத்துருமா? வெளக்கு எரியணும்னு வாக்குக் குடுத்துருக்கோம். பொட்டியும் அதே மாதிரிதானே போச்சு. அப்புறம் எதுக்கு இத மட்டும் அணைக்கிறது?"

பூக்கட்டிக் கேட்டது

வேலை மிக எளிது. இக்கணினியின் கம்பியொன்றைப் பிடுங்கினால் போதும். கருவி தானாகவே கீழேயுள்ளதைத் தேடிப் போகும். திருத்தம் உயிருள்ளவர்களைச் சென்றடையும். கீழேயுள்ளதில் நேரடியாகவே திருத்தலாம் என்றால், அதற்குரிய கடவுச்சொல் சதீஷுக்கு மட்டுமே தெரியும். அவரது தொலைபேசியோ அதற்குள் துண்டிக்கப்பட்டுவிட்டது. நான் கம்பியில் கை வைத்தேன். முத்தையா என் மணிக்கட்டைப் பற்றினார். சாமியைக் கேட்காமல் தொடக்கூடாதாம். சிவப்புச் செம்பருத்தியொன்றையும் வெள்ளை அலரியொன்றையும் பறித்து, தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்து, கோயிலுக்குள் முனியாண்டியின் முன் வைத்தார். வெள்ளை வந்தால் நிறுத்தலாம்; சிவப்பு வந்தால் தொடலாகாது. எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை கேட்கச் சொன்னேன், கேட்டார், மறுபடியும் சிவப்பு. பொட்டலங்களை நானே கலைத்து வைத்து, நானே எடுத்தேன். சிவப்பு. வாசிகசாலைக்குத் திரும்பினோம். பனி அறைக்குள் வந்துவிட்டிருந்தது. புஷ்பம் அம்மாவைப் பார்த்து, "வெடிப்பு உங்கள் கூரைக்கு நேர் மேலே இருக்கிறது அம்மா, நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். அவர் அந்தத் திரையைப் பார்த்தார், தம் பழைய அறையின் பக்கம் பார்த்தார், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். "மூணு தடவ வேண்டாம்னு சொல்லிருச்சு. நாளைக்கு மகன் பேசுனதும் கீழ உள்ளத மாத்திக்கலாம். இன்னிக்கு விட்டுருங்க. எனக்கென்னமோ, இத அணைச்சுட்டா நம்மளப் பாக்குறதுக்கு ஆளு இல்லாமப் போயிருமோன்னு இருக்கு" என்றார்.

சங்கு

மறுநாளும் சதீஷின் தொலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை. பதுளையிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. நஸீராவின் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் எண்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்தோம். மலைமுகட்டில் மழை கொட்டியது, எண்கள் தாவின. புஷ்பம் அம்மாவை அழைத்தேன். கீழே வெறும் பூந்தூறல்தான் என்றார். கொழுந்து பறிக்கப் போனவர்கள்கூட இன்னும் திரும்பவில்லையாம். நான் பேசி முடிப்பதற்குள் திரையில் ஒரு வரி தோன்றியது. புதிய அளவு தாண்டப்பட்டுவிட்டது. மடுவத்துக் கூரையில் இருந்த சங்கு வாய் திறக்கவில்லை. அதற்கு நாங்கள் அனுப்பிய திருத்தம் சேர்ந்திருக்கவில்லை. சேர்ந்திருந்தாலும் அந்தத் தூறலுக்கு அது ஊதியிராது. தொலைபேசியின் வழியே, மேலேயிருந்து, முன்பு கேட்ட அதே மழுங்கிய ஒலியைக் கேட்டேன். இம்முறை நான் எந்தக் கட்டளையும் அனுப்பவில்லை. ஒலி ஓயவுமில்லை.

"ஓடுங்கள்" என்று நான் கத்தியது அவர் காதில் விழுந்ததோ தெரியாது. அவர் அதற்கு முன்பே குழந்தைகளைத் தூக்கத் தொடங்கியிருந்தார். பிற்பாடு கேள்விப்பட்டது இது. வழக்கமான சங்கென்றால், 'சோதிச்சுப் பாக்குறாக' என்று பாதிப்பேர் அசைந்திருக்க மாட்டார்கள். ஆளில்லாத இடத்திலிருந்து வந்த சத்தத்துக்கு ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, கொழுந்து மலையில் நின்றவர்களையும் கூவியழைத்து, எதிர்மேட்டிலுள்ள பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு மலை இறங்கியது. பழைய லயம், கோயில், நீர்ச்சக்கரம், வாசிகசாலை யாவும் மண்ணோடு மண்ணாக வந்து, புதிய லயத்தின் பாதியை மூடின. மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

முத்தையா மட்டும் அப்போது வழக்கம்போல் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தார். தேயிலைக்குள் பாதிவழியில், தலைக்கு நேர் மேலே சங்கு ஊதியிருக்கிறது. திரும்பி ஓடி வந்தவர், பாடசாலையின் வாங்குப் பலகையில் அமர்ந்து தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "இத்தன வருசமா அந்தச் சாமி 'வா'ன்னு கூப்புடுற சத்தந்தான் எனக்குத் தெரியும். இன்னிக்குத்தான் 'போடா கீழ'ன்னு வெரட்டுச்சு."

மடியில் இருந்த பெட்டி

கருவியின் திரையை நாங்கள் மறந்தே போயிருந்தோம். பிற்பகலில், எல்லோரும் பிழைத்த செய்தி உறுதியான பின்னர், இணைப்பை முறையாகத் துண்டிக்கலாமென்று நஸீரா திரும்பிப் பார்த்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. இதற்கு என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. பழைய கணினி அழிந்தமையால், அதே முகவரியிலுள்ள மடுவத்துக் கணினி இப்போது பதில் சொல்கிறது என்றேன். நஸீராவும் அமைதியடைந்தார். உறுதிப்படுத்திக்கொள்ள, மடுவம் நின்றிருக்கிறதா, கணினியில் விளக்கு எரிகிறதா என்று புஷ்பம் அம்மாவிடம் கேட்டேன். மடுவத்தின் பின்சுவர் போய்விட்டது என்றார். ஓடும்போது குழந்தையொன்றை ஒரு தோளிலும், எல்லோருடைய பெயரும் இருக்கும் அந்தப் பெட்டியைத் தொட்டில் சேலையில் சுற்றி மறுதோளிலும் போட்டுக்கொண்டு வந்ததாகவும், அது இப்போது தம் மடியில் இருப்பதாகவும் சொன்னார். பாடசாலையில் மின்சாரம் இல்லை.

கருவி பழைய பதிலைத் திரும்பக் காட்டுகிறதோ என்று அதன் நினைவை முழுவதுமாக அழித்து, முதலிலிருந்து இணைத்தேன். முகவரி கொடுத்தேன், சாவி கொடுத்தேன். எதிர்முனை தன் கைரேகையைக் காட்டியது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. பச்சை. மழைமானியைக் கேட்டேன், எண் ஏறிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. அதே கணத்தில் தொலைபேசியில் புஷ்பம் அம்மா, "இப்பதாங்க மழ விட்டுச்சு" என்றார்.

பதுளைக் கடைவீதியில் கீழே யாரோ இரும்புத் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நஸீரா, துண்டிக்கும் பொத்தானின் அருகே விரலைக் கொண்டுபோய், "வெட்டவா அங்கிள்? எனக்குக் கை வருதில்ல" என்றார். எனக்கும் வரவில்லை. அங்கிருப்பவர்களிடமே கேட்டுவிடலாமென்று நடந்ததைத் தொலைபேசியில் சொன்னேன். புஷ்பம் அம்மா அழவில்லை, ஆச்சரியப்படவுமில்லை. மடியிலிருந்த பெட்டியைத் தட்டிக்கொடுக்கும் ஓசை கேட்டது. "இருக்கட்டுங்க ஐயா. நாளைக்கு எங்கள எங்க கொண்டுபோய் வைப்பாகன்னு யாருக்குந் தெரியாது. பாக்குறது பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றார்.

இத்தொழிலில் இணைப்பு அறுந்துபோனால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவேன்; அறாமலே இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும், நான் அகராதியுடன் படித்த கையேடுகளில் ஒன்றுகூட எனக்குச் சொல்லித் தரவில்லை.